நிலத்தின் அசைவை அளந்த பேராசிரியர் ஜான் மில்ன்

சேவுகம்பட்டியின் வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். வத்தலக்குண்டிலிருந்து அம்மலைமேல் ஏறும் சாலை கொடைக்கானலைச் சென்றடைகிறது. அங்கே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் வானாய்வுக் கூடம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவோம். கதிரவனை ஆராய்வதற்கென 1899-இல் பணி தொடங்கிய அக்கூடத்தில், கதிரவனோடு தொடர்பில்லாத மற்றொரு கருவியும் அக்காலத்திலேயே நிறுவப்பட்டது என்பதைச் சிலரே அறிவர். நிலத்தின் அசைவைத் தானே பதிந்து வைக்கும் கருவி அது. மில்ன் நிலநடுக்கப் பதிவுமானி என்பது அதன் பெயர். அதனை உலகெங்கும் பரப்பிய பேராசிரியர் ஜான் மில்ன் என்பாரின் வாழ்க்கையையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கென இயங்கும் நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில், என்றோ மறைந்த ஓர் ஆங்கிலேயரின் வரலாறு எதற்கு என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. அவர் செய்த பணியை முதலில் அறிந்துகொண்டால், அதற்கும் நமக்கும் உள்ள உறவு தானே விளங்கும்.

இளமையும் கல்வியும்

ஜான் மில்ன் 1850-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரியிலும், பின்னர் அரசு சுரங்கவியல் பள்ளியிலும் பயின்றார். பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய படிப்பே அவர் தேர்ந்தது. படிப்பு முடிந்ததும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில் கனிம ஆய்வில் ஈடுபட்டார். 1874-இல் சினாய்ப் பாலைவனத்திற்குச் சென்ற ஆய்வுக் குழு ஒன்றில் நிலவியல் அறிஞராகவும் பணியாற்றினார்.

அந்நாளில் ஜப்பான் நாடு பழைய பிரபுத்துவ ஆட்சியை நீக்கி, புதிய கல்வியை நாடி எழுந்துகொண்டிருந்தது. பிற நாட்டு அறிஞர்களை ஊதியம் தந்து வரவழைத்துத் தன் இளைஞர்களுக்குக் கற்பித்தது. அவ்வாறு டோக்கியோவிலிருந்த பொறியியல் கல்லூரியில் சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்க மில்ன் அழைக்கப்பட்டார். 1875-இல் புறப்பட்ட அவர் நெடுங்கடல் வழியைத் தவிர்த்து, ஐரோப்பா, சைபீரியா, மங்கோலியா, சீனம் எனத் தரை வழியே பல மாதங்கள் பயணம் செய்தார். 1876 மார்ச்சுத் திங்களில் டோக்கியோவை அடைந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து.

அச்சமும் கதையும்

ஜப்பானில் நிலம் அடிக்கடி நடுங்கும். பூமிக்கு அடியில் பெரிய கெளுத்தி மீன் ஒன்று கிடக்கிறது, அது துள்ளும்போது நிலம் ஆடுகிறது என்பது அந்நாட்டுப் பழங்கதை. நம் நாட்டிலும் உலகைத் தாங்கும் ஆதிசேடன் தலை மாற்றுவதால் நிலம் அசைகிறது என்று கூறக் கேட்டிருக்கிறோம். மண் சுமக்க முடியாத அளவுக்குப் பாவம் மிகுந்துவிட்டதே காரணம் என்று சொல்வோரும் உண்டு. அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சும் மனிதர் அதற்கு ஒரு கதையைக் கட்டிக்கொள்வது எல்லா நாடுகளிலும் நிகழ்ந்ததே.

1880 பிப்ரவரி 22 அன்று யோகோகாமா நகரை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. புகைபோக்கிகள் விழுந்தன, சுவர்கள் பிளந்தன. மில்ன் இதனை வெறும் செய்தியாக விட்டுவிடவில்லை. அவரது முயற்சியால் அவ்வாண்டிலேயே ஜப்பான் நிலநடுக்கவியல் சங்கம் தோன்றியது. நிலநடுக்கத்தை ஆராய்வதற்கென்றே அமைந்த முதற் சங்கம் அதுவேயாகும்.

அசையாத ஒன்றைத் தேடி

நிலத்தின் அசைவை அளப்பதில் ஒரு பெரும் இடர்ப்பாடு உண்டு. ஓடும் வண்டியின் அசைவை ஓரத்தில் நிற்கும் மரத்தைக் கொண்டு அறிகிறோம். நிலமே அசையும்போது வீடும், மரமும், அளப்பவனும், அளவுகோலும் உடன் அசைகின்றன. அசையாத பொருளுக்கு எங்கே போவது? மில்னும், அவருடன் டோக்கியோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங், தாமஸ் கிரே ஆகிய அறிஞர்களும் இவ்வினாவை ஆராய்ந்தனர். அதன் விடையாக உருவான கருவிகளின் பெருமை மூவருக்கும் உரியது.

அவர்கள் கையாண்ட கிடைநிலை ஊசல் என்பதை நம் தோட்டத்துப் படலைக் கொண்டு விளக்கலாம். படல் பூட்டிய கம்பம் சற்றே சாய்ந்திருப்பின், படலை எப்பக்கம் தள்ளினாலும் அது மெல்ல ஆடிப் பழைய இடத்திற்கே வந்து நிற்கும். கம்பம் செங்குத்தை நெருங்க நெருங்க அவ்வாட்டம் மேலும் மந்தமாகும். இத்தகைய கனத்த படலின் கம்பம் விரைந்து அசைக்கப்பட்டால், படல் உடனே அதனைத் தொடராது தன் இடத்திலேயே சற்று நேரம் தங்கி நிற்கும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நம் உடல் பின்தங்குவதும் இதே இயல்பினால்தான். பின்தங்கும் அப்பொருளே நமக்குத் தேவையான அசையாத அடையாளம். நிலத்திற்கும் அதற்கும் இடையே தோன்றும் விலகலே நிலத்தின் அசைவைக் காட்டும்.

மில்ன் பின்னாளில் அமைத்த கருவியில், கல் மேடைமீது நிறுத்திய தூணில் மெல்லிய நீண்ட கோல் ஒன்று படல்போல் பொருத்தப்பட்டிருந்தது. கோலின் நுனியிலுள்ள பிளவு வழியே விளக்கொளி புகுந்து, கடிகாரத்தால் நகர்த்தப்படும் ஒளிப்படத் தாளில் ஒரு புள்ளியாக விழும். நிலம் அமைதியாக இருந்தால் தாளில் நேர்கோடு. நிலம் அசைந்தால் கோடு இருபுறமும் அகன்று விரியும். நேரக் குறிகளும் அத்தாளிலேயே பதியும். ஆகவே எவ்வளவு அசைந்தது, எப்போது அசைந்தது என்ற இரண்டையும் பார்வையாளரின் நினைவை நம்பாமல் அறிய முடிந்தது.

அஞ்சலட்டைகளின் தொண்டு

கருவிகள் அரியனவாக இருந்த அக்காலத்தில் மில்ன் எளிய வழி ஒன்றையும் கையாண்டார். டோக்கியோவைச் சுற்றி ஏறத்தாழ 100 மைல் தொலைவுக்குட்பட்ட ஊர்களின் அலுவலர்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பினார். அங்கு உணரப்பட்ட அதிர்ச்சிகளைக் குறித்து வாரந்தோறும் ஓர் அட்டையைத் தமக்கு அனுப்புமாறு வேண்டினார். வந்த அட்டைகளை நாட்டுப்படத்தில் குறித்துப் பார்த்தபோது, அதிர்ச்சிகள் மனம்போன போக்கில் வருவதில்லை, குறிப்பிட்ட சில பகுதிகளிலிருந்தே மீண்டும் மீண்டும் எழுகின்றன என்பது புலனாயிற்று. பலர் தத்தம் ஊரில் கண்டதை ஒழுங்காக எழுதி ஓரிடத்தில் சேர்த்தால், தனி ஒருவர் காண இயலாத உண்மை வெளிப்படும். இதுவே அவர் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த நெறி.

அலைகள் சொல்லும் செய்தி

நிலநடுக்கம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை இன்றைய அறிவின் துணைகொண்டு சுருங்கக் கூறுவோம். பூமியின் மேலோடு பல பெரும் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்கின்றன. நம் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியப் பெருநிலத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த அழுத்தத்தைப் பாறைகள் நெடுங்காலம் தாங்கி, தாங்க முடியாத நிலையில் ஒரு பிளவின் வழியே சட்டென வழுக்குகின்றன. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் அலைகளாகப் பரவுகிறது.

அவ்வலைகளில் இரண்டு முதன்மையானவை. முதல் அலை, சரக்கு இரயிலின் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவதுபோல், பாறையை முன்னும் பின்னுமாகத் தள்ளிச் செல்கிறது. இரண்டாம் அலை, கிணற்றுக் கயிற்றை உதறினால் நெளிவு ஓடுவதுபோல், பக்கவாட்டில் குலுக்கிச் செல்கிறது. மேலோட்டுப் பாறையில் முதல் அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விரைகிறது. இரண்டாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டரே செல்கிறது.

கிணறு வெட்டுமிடத்தில் வெடி வைக்கும்போது, தொலைவில் நிற்பவர் புழுதி எழுவதை முதலில் கண்டு, ஓசையைப் பின்னரே கேட்கிறார். இடைவெளி நீண்டால் தொலைவு மிகுதி. அதுபோலவே இவ்விரு அலைகளின் வருகைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு வினாடிக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் எனக் கணக்கிடலாம். இடைவெளி 30 வினாடியானால் நிலநடுக்கம் ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றியது. ஒரு நிலையம் தொலைவை மட்டுமே கூறும். மூன்று நிலையங்களின் தொலைவுகளைக் கொண்டு நாட்டுப்படத்தில் மூன்று வட்டங்கள் வரைந்தால், அவை சந்திக்குமிடமே நிலநடுக்கம் பிறந்த இடம்.

வீடுகளின் வீழ்ச்சி

மில்ன் 1881-இல் ஹகோடாடே நகரத்துப் புத்த மடத் தலைவரின் மகளான டோனே என்பாரை மணந்தார். இனமும் சமயமும் வேறான இருவரின் இல்லறம் இறுதிவரை இனிதே நடந்தது.

1891 அக்டோபர் 28 அன்று மத்திய ஜப்பானின் மினோ, ஓவாரி மாவட்டங்களைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மில்ன் அங்குச் சென்று அழிவுகளை நேரில் ஆராய்ந்தார். மேலைநாட்டு முறையில் எழுந்த செங்கல் ஆலைகளும் இரயில் பாலமும் விழுந்து கிடந்தன. கனத்த ஓட்டுக் கூரைகள் தம்மைத் தாங்கிய மெலிந்த கால்களை நொறுக்கியிருந்தன. நிலநடுக்கம் தானாக ஆளைக் கொல்வது அரிது, பெரும்பாலும் வீடு விழுந்தே ஆள் மடிகிறார் என்னும் உண்மை அங்கே கண்கூடாயிற்று. முன்னரே மில்ன் சிறு கட்டடம் ஒன்றை இரும்புக் குண்டுகளின்மேல் அமைத்து, நிலத்தின் குலுக்கல் கட்டடத்தை எட்டாமல் தடுக்க முடியுமா என்று சோதித்தவர். இன்று பெரிய மருத்துவமனைகளையும் பாலங்களையும் காக்கும் அடித்தளப் பிரிப்பு முறைக்கு அச்சோதனை ஒரு முன்னோடியாகும்.

எரிந்த இல்லமும் எஞ்சிய உறுதியும்

தக்க கருவி இருப்பின் ஒரு பெரும் நிலநடுக்கத்தை உலகின் எந்நிலப்பகுதியிலும் பதிவு செய்யக்கூடும் என்று 1883-லேயே மில்ன் எழுதியிருந்தார். 1889 ஏப்ரலில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில், வேறு நோக்கத்திற்காக வைக்கப்பட்டிருந்த ஊசல் ஒன்று அசைந்ததை எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோயர்-பாஷ்விட்ஸ் என்னும் அறிஞர் கண்டார். அதே வேளையில் ஜப்பானில் நிலம் நடுங்கியிருந்தது. மில்னின் கணிப்பு மெய்யாயிற்று.

இந்நிலையில் 1895 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்த அவரது இல்லம் தீக்கிரையானது. கருவிகள், நூல்கள், ஏறத்தாழ இருபது ஆண்டுக் குறிப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. அவ்வாண்டே அவர் மனைவியுடன் இங்கிலாந்து திரும்பினார். ஜப்பானியப் பேரரசர் அவருக்கு உயர்ந்த விருதும் வாழ்நாள் ஓய்வூதியமும் அளித்துச் சிறப்பித்தார். நாற்பத்து நான்கு அகவையில் அனைத்தையும் இழந்த மனிதர் ஓய்ந்து அமர்ந்திருந்தால் யாரும் குறை கூறியிரார். ஆனால் அவர் வைட் தீவின் ஷைட் என்னும் சிற்றூரில் வீடு வாங்கி, ஹிரோடா என்னும் ஜப்பானிய உதவியாளருடன் மீண்டும் கருவியை நிறுத்தினார்.

பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் துணையோடு, ஒரே வகைக் கருவியை உலகின் பல பகுதிகளில் நிறுவச் செய்தார். டொரண்டோ, கேப் டவுன், மொரீசியசு, பட்டேவியா, வெலிங்டன் என நிலையங்கள் பெருகி ஏறத்தாழ 40 ஆயின. அவற்றின் பதிவுகள் ஷைட் சிற்றூருக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை ஒப்பிட்டு, சுற்றறிக்கைகளாக அச்சிட்டு அனைவர்க்கும் அனுப்பினார். டோக்கியோவின் அஞ்சலட்டை முறை உலகளவில் விரிந்தது எனலாம்.

இந்தியாவில் 1897 ஜூன் 12 அன்று அசாமில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அரசினரை விழிக்கச் செய்தது. 1898 டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரிலும், அடுத்துப் பம்பாயின் கொலாபாவிலும், நம் கொடைக்கானலிலும் நிலநடுக்கப் பதிவு தொடங்கியது. அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த இந்திய நிலவியல் துறையின் ஆர்.டி. ஓல்டாம், தொலைதூரப் பதிவுகளில் வெவ்வேறு அலைகளைப் பிரித்துக் காட்டினார். அவரே 1906-இல், அலைகள் பூமியின் ஆழத்தில் வேகம் மாறுவதைக் கொண்டு, உள்ளே தனித்ததொரு கருவம் இருப்பதை நிறுவினார். யாரும் சென்று காண முடியாத பூமியின் நெஞ்சை, தாளில் விழுந்த கோடுகள் காட்டிக் கொடுத்தன.

மில்னின் கருவியும் குறையற்றதன்று. ஒருமுறை அசைந்த கோல் நிலம் அடங்கிய பின்னும் ஆடிக்கொண்டிருந்தமையால் நுண்ணிய அலைகள் மறைந்தன. ஆட்டத்தை அடக்கும் அமைப்புடைய கருவிகளைப் பிறர் பின்னர்ச் செய்தனர். 1908-இல் ராயல் கழகத்தின் அரசப் பதக்கம் பெற்ற அவர், 1913 ஜூலை 31 அன்று ஷைட் இல்லத்தில் மறைந்தார்.

அவருக்குப் பின் 1935-இல் அமெரிக்காவின் சார்லஸ் ரிக்டர், பதிவுகளைக் கொண்டு நிலநடுக்கத்தின் பருமையை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தார். அம்முறையில் ஓர் எண் கூடினால் பதிவின் வீச்சு பத்து மடங்காகும், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். 1979 முதல், வழுக்கிய பாறைப் பரப்பையும் வழுக்கிய தொலைவையும் கொண்டு கணிக்கும் திருப்புத்திறன் அளவு வழக்கிற்கு வந்தது. பருமை என்பது விளக்கின் திறனைப் போன்றது, ஒரு நிலநடுக்கத்திற்கு ஒன்றே. கடுமை என்பது நம் வீட்டில் விழும் வெளிச்சத்தைப் போன்றது, இடத்திற்கு இடம் மாறும்.

நமக்கும் இதற்கும் உள்ள உறவு

1934 சனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் நடுங்கி, 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டிலிருந்த காந்தியடிகள், அதே திங்களில் திருநெல்வேலியில் பேசுகையில், அப்பேரழிவு தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனை என்னும் கருத்தை வெளியிட்டார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் தீண்டாமையை வெறுத்தவரே. ஆயினும் இயற்கை நிகழ்ச்சிக்கு இவ்வாறு காரணம் கற்பிப்பதை அவர் வெளிப்படையாக மறுத்தார்.

இதில் நம் நிலை யாது? கூறப்பட்டது நம் பொருட்டே, நம்மை இழிவு செய்தோரைக் கண்டித்தே. எனினும் அதனை நாம் ஏற்றல் ஆகாது. அந்நடுக்கத்தில் தீண்டாமையை இழைத்தவனும் மடிந்தான், அதனால் துன்புற்றவனும் மடிந்தான். தண்டிப்பவன் குற்றவாளியையும் குற்றத்திற்கு இரையானவனையும் ஒருங்கே கொல்வானோ? அன்றியும், துன்பத்தைப் பாவத்தின் பயன் என்று சொல்லும் வாதம் நமக்குப் புதியதன்று. நம் முன்னோரின் வறுமையும் இழிநிலையும் முற்பிறவிப் பயன் என்று சொல்லி அவர்களை அடக்கி வைத்தது அதே வாதந்தான். இன்று நம் பக்கம் நின்று பேசுகிறதே என்று அதனை வரவேற்றால், நாளை நமக்கு எதிராகத் திரும்பும்போது மறுக்கும் உரிமையை இழப்போம். தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்தது நிலநடுக்கமன்று. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பே அதனைக் குற்றமாக்கியது. அது மனிதர் போராடிப் பெற்றது.

நிலநடுக்க அலைக்குச் சாதி தெரியாது. ஆனால் அது மோதும் சுவர்களில் ஏழை, செல்வர் வேறுபாடு உண்டு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்தின் கில்லாரிப் பகுதியில் ஏற்பட்ட நடுக்கத்தின் பருமை 6.2 மட்டுமே. உறங்கியோர்மீது மண் சாந்தில் அடுக்கிய கற்சுவர்களும் கனத்த மண் கூரைகளும் விழுந்தமையால் ஏறத்தாழ 10,000 உயிர்கள் மடிந்தன. நம் தென்னாட்டிலும் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில், ஏறத்தாழ 6 பருமை எனப் பின்னர்க் கணிக்கப்பட்ட நடுக்கம் நேர்ந்தது. ஆகவே நம் தெருவில் எழும் வீடுகளின் அடித்தளமும், சுவர்களை இணைக்கும் கான்கிரீட் பட்டையும், கூரையின் கனமும் நாம் கேட்டறிய வேண்டியவை. தொகுப்பு வீடு என்றால் தரம் குறைந்திருக்கலாம் என்ற எண்ணத்திற்கு இடம் தருதல் கூடாது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 பருமையில் எழுந்த நடுக்கம் ஆழிப்பேரலையாகி நம் கடற்கரையைச் சூறையாடியது. அதன் பின் நாகப்பட்டினப் பகுதி நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதை அந்நாளில் பலரும் எழுதினர். அலை இழைக்காத வேற்றுமையை மனிதர் இழைத்தனர். எது இயற்கையின் செயல், எது மனிதரின் செயல் என்று பிரித்தறிவதே கல்வியின் முதற்பயன். இயற்கையின் செயலை அளந்து காப்புத் தேடலாம். மனிதரின் செயலை எதிர்த்துக் கேட்கலாம். இரண்டையும் விதி என்று கலந்துவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது.

1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தம், அறிவியல் மனப்பான்மையை வளர்த்தலைக் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்த்தது. அதனை நம் மாணவச் செல்வங்கள் மனப்பாடப் பகுதியாக மட்டும் கொள்ளலாகாது. கொடைக்கானலுக்குச் சுமை தூக்கவும், தோட்ட வேலைக்கும் நம்மவர் ஏறிச் சென்ற காலம் உண்டு. அம்மலையில் பதியும் கோடுகளைப் படித்துப் பொருள் கூறும் அறிஞராக நம் பிள்ளைகள் ஏறிச் செல்லும் நாளும் வரவேண்டும். தீயில் யாவும் இழந்தும் மீண்டும் முதற் கோட்டிலிருந்து தொடங்கிய ஜான் மில்னின் வாழ்க்கை அவர்களுக்கு ஊக்கம் தருவதாக.